மாட்டை விற்றுத் திராட்சை போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் மாட்டுப் பண்ணை திராட்சைத் தோட்டமாகிவிட்டதாம். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் மூன்று மாடுகளையும் விற்றுவிட்டு, புல் நிலத்தில் கொடி போட நிற்கிறான் அண்ணன். இந்தக் குளிரில் திராட்சை வருமா?
- வாசகி, நானுஓயா

பதில்: அண்ணன் பாதிக் கதைதான் கேட்டிருக்கிறார், மகள். கலிபோர்னியாவில் ரான்சோ சிஸ்குவாக் என்றொரு பண்ணை. 1952இல் ஃப்ளட் என்ற குடும்பம் வாங்கியது. 1968இல் அங்கே திராட்சை நட்டார்கள், அதுவும் சில ஏக்கரில், சோதனைக்கு. மாடுகளை விரட்டவில்லை. அப்புறம், அந்தப் பக்கம் கோடையில் மழையே கிடையாது. நமக்கு ஆடி மாதத்தில் துணி காய்கிறதா?

நம் மலையும் பயிர் மாறிய மலைதானே. 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது சுற்றிலும் கோப்பிதான். இரண்டே வருஷத்தில் கோப்பி இலையில் துருப் போலப் பூஞ்சணம் வந்தது. பிறகு தோட்டம் தோட்டமாகக் கோப்பி விழுந்தது. அந்த 19 ஏக்கர் இல்லாவிட்டால் மற்றத் துரைமார் எதைப் பார்த்து மாறியிருப்பார்கள்?

திராட்சைக்கும் பூஞ்சணம்தான் எமன். நான் பட்டதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு தண்டு கொண்டுவந்து தண்ணீர்ப் பீலிக்கரையில் நட்டேன். பந்தல் நிறையப் பச்சை. ஊரே வந்து பார்த்தது. மழை இறங்கியதும் இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு. அடிச்சாம்பல் நோய். ஒரு குலைகூடத் தேறவில்லை. இப்போது அந்தப் பந்தலில் சௌசௌ காய்க்கிறது.

யாழ்ப்பாணத்தில் கொடியைக் கவ்வாத்து வெட்டித்தான் காய்க்க வைக்கிறார்கள். நாம் தேயிலையை வெட்டுவது கொழுந்துக்கு, அவர்கள் வெட்டுவது பூவுக்கு. வெட்டியதிலிருந்து பழம் வர ஏறக்குறைய நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் இலை ஈரமில்லாமல் இருந்தால் நல்லது. வைகாசியில் தொடங்கும் மழை, பிறகு ஐப்பசி மழை, நடுவில் பனிமூட்டம். நானுஓயாவில் எந்த நான்கு மாதத்தை எடுப்பீர்கள்?

சரி, அண்ணனுக்கு ஆசை விடவில்லையென்றால் ஒரே ஒரு கொடி வைக்கட்டும். மாட்டுக்கொட்டில் சுவரோரம், மேலே பொலித்தீன் கூரை போட்டு, காற்று ஓட இடம் விட்டு. உரத்துக்குச் சாணம் பக்கத்திலேயே கிடைக்கும், மாடு இருந்தால்.