வேவ் ரோட்டார் பொருத்தினால் கேஸ் டர்பைன் மேம்படுமா?

கேள்வி: குரோம்பேட்டையில் ஏரோநாட்டிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். வேவ் ரோட்டாரால் கேஸ் டர்பைனின் செயல்திறன் கூடும் என்கிறார்கள். உண்மையா? உண்மையென்றால் ஏன் எந்த விமானத்திலும் அது இல்லை? ப்ராஜெக்டாக எடுக்கலாமா?

கூடும். ஆனால் சிறிய எஞ்சினில்தான் சொல்லிக்கொள்ளும்படி கூடும்.

கேஸ் டர்பைனில் கம்ப்ரெசர் காற்றை அழுத்தும், எரிஅறை அதில் எரிபொருளை எரிக்கும், வெளிவரும் சூடான வாயு டர்பைனின் இலைகளை, அதாவது விசிறி போன்ற தகடுகளை, சுழற்றும். வேவ் ரோட்டார் இம்மூன்றுக்கும் நடுவே அமரும். சாதனம் பார்க்க எளியது: நீளவாக்கில் குழல்கள் கொண்ட ஓர் உருளை, இருபுறமும் துளையிட்ட அசையாத தட்டுகள். கம்ப்ரெசரிலிருந்து வந்த காற்று குழலை நிரப்பியிருக்கும். உருளை சுழன்று எரிஅறையின் துளைக்கு நேராக வந்ததும் சூடான வாயு உள்ளே பாய்கிறது. அதன் முன்னே ஓர் அதிர்ச்சி அலை ஓடிக் காற்றை இன்னும் இறுக்குகிறது. தாம்பரம் ரயில் சட்டென நிற்கும்போது முன்னால் நிற்பவரிடம் தொடங்கும் நெருக்கல் பின்வரிசை வரை பரவுமே, அலை நகர்வதும் அப்படித்தான். இறுகிய காற்று எரிஅறைக்குப் போகிறது. வேலை செய்து முடித்த வாயு விரிந்து, குளிர்ந்து, டர்பைனுக்குப் போகிறது.

இதில்தான் ஆதாயம். எரிஅறையில் வெப்பம் கூடினாலும் டர்பைன் இலைகளைத் தொடும் வாயுவின் வெப்பம் கூடுவதில்லை. அழுத்தம் மட்டும் கூடுகிறது. ரோட்டாரின் சுவரோ சூட்டையும் குளிரையும் மாறிமாறிச் சந்திப்பதால் தானே தணிகிறது. 1990களில் நாசா செய்த கணக்குகள் சிறிய டர்போஷாஃப்ட் எஞ்சின்களில் (ஹெலிகாப்டரில் இருப்பது போல, தண்டைச் சுழற்றும் கேஸ் டர்பைன்) 15 சதவீதத்துக்கும் மேல் எரிபொருள் மிச்சமாகலாம் என்றன. எஞ்சின் சிறுக்கச் சிறுக்க, கம்ப்ரெசர் இலைகளின் முனைக்கும் உறைக்கும் இடையே காற்று கசிவது கம்ப்ரெசரைக் கெடுக்கும். அலைக்கு இலை தேவையில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும் பயணிகள் விமானங்களின் எஞ்சின்களோ ஏற்கெனவே 30, 40 மடங்கு அழுத்துகின்றன. அவற்றுக்கு இது வீண் சுமை என்பது என் கருத்து.

வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்றும் ஒதுக்க முடியாது. சுவிட்சர்லாந்தின் பிரௌன் போவெரி நிறுவனம் 1940களிலேயே ரயில் எஞ்சின் டர்பைனுக்காக இதை முயன்றது. அதே நிறுவனத்தின் 'காம்ப்ரெக்ஸ்' பிறகு மஸ்டா டீசல் கார்களில் சூப்பர்சார்ஜராக, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் கருவியாக, ஓடியது. 1981இல் ஃபெராரி தன் பந்தயக் காரிலும் சோதித்தது. ஆனால் அங்கே வந்தது காரின் புகை. எரிஅறை வாயுவின் சூடு வேறு ரகம்.

அந்தச் சூடுதான் முட்டுக்கட்டை. 20 செ.மீ. உருக்கு ரோட்டார் 500 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். தட்டுக்கும் ரோட்டாருக்கும் இடையே விடக்கூடிய இடைவெளியோ அதில் ஒரு சிறு பங்குதான். கூட்டினால் அழுத்தம் கசியும், குறைத்தால் உரசும். போதாததற்கு, கம்ப்ரெசர், டர்பைன் இரண்டோடும் எரிஅறையின் இரு முனைகளோடும் இணைக்கும் நான்கு குழாய்களின் எடை வேறு. கேஸ் டர்பைனில் இது ஆய்வுக்கூடத்திலேயே நின்றுபோனதற்கு அலைக் கோட்பாட்டைக் குறை சொல்ல நியாயமில்லை.

ப்ராஜெக்டாகத் தாராளமாக எடுங்கள், முழு எஞ்சினை மட்டும் தொடாதீர்கள். ஒரே குழல், ஒருபரிமாண ஆய்லர் சமன்பாடுகள் (உராய்வை விட்டுவிட்டு வாயு ஓட்டத்தைக் கணக்கிடுபவை), இரு முனையிலும் திறந்து மூடும் துளைகள்: ஒரு செமஸ்டருக்கு இது போதும். முதலில் கசிவில்லாமல் கணக்கிட்டு அலை வரைபடத்தை, அதாவது எந்த நேரத்தில் அலை குழலில் எங்கே இருக்கிறது என்ற படத்தை, சரிபாருங்கள். பிறகு இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டி, எந்த அளவில் ஆதாயம் பூஜ்யமாகிறது என்று வரைந்து காட்டுங்கள். வைவாவில் அந்த ஒரு வரைபடத்தைச் சுற்றியே கேள்விகள் வரும்.