வருஷம் போடாத லாஸ் ஏஞ்சலஸ் மனை மேப்

உங்க பழைய மேப்புல வருஷம் இல்லன்னு கவலப்படாதீங்க சார், எந்தக் காலத்து மேப்னு ஊர்ப் பேரே சொல்லிடும். உங்க சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கு மேப்புல லாங்கர்ஷிம், ஓவன்ஸ்மவுத்னு ரெண்டு ஊர்ப் பேரும் இருக்குன்னு சொல்றீங்க, ஓவன்ஸ்மவுத் 1912ல மனை போட்டு வித்த ஊரு, 1931ல கனோகா பார்க்னு மாத்திட்டாங்க, லாங்கர்ஷிம் அதுக்கு முன்னாடி 1927லயே நார்த் ஹாலிவுட் ஆயிடுச்சு, அதனால பெரும்பாலும் 1912க்கும் 1927க்கும் நடுவுலதான். ஆனா அதுல இருக்குற தெருவெல்லாம் அப்பவே இருந்துச்சுன்னு மட்டும் நம்பிடாதீங்க ப்ளீஸ், இந்த மாதிரி மேப்பெல்லாம் மனை விக்க அடிச்சது, போடாத ரோட்டையும் வரைஞ்சு பசிபிக் எலெக்ட்ரிக்னு அப்ப ஓடின மின்சார ரயில் லைனைத் தடியா இழுத்து டவுன் பக்கத்துலயே இருக்குற மாதிரி காட்டுவாங்க. ட்ராக்ட் நம்பர், அதாவது மனைப் பிரிவோட நம்பர் இருந்தா கவுன்ட்டி பதிவுல தேடுங்க, அந்தப் பிரிவைப் பதிவு பண்ணின தேதியே கிடைக்கும். தயவுசெஞ்சு லேமினேட் பண்ணிடாதீங்க!