கேள்வி-பதில்: காற்றுக்கு வக்கீல் கிடையாது

கேள்வி: ‘மாலிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது? பத்திரிகைகள் உள்நோக்கத்தோடு எழுதுவதாகத் தலைவர்கள் சொல்கிறார்களே, அது இதுதானா?

பதில்: லத்தீனில் ‘மாலுஸ்’ என்றால் கெட்ட. அதிலிருந்து ‘மாலிட்டியா’, பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மாலிஸ். அடுத்தவன் கெட்டுப்போகட்டும் என்கிற நினைப்பு. மலேரியாவும் இதே குடும்பம்தான், இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’. 1897-இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைப் பார்த்து, காற்றின் மேல் தப்பில்லை என்று உலகத்துக்கே தெரிந்த பிறகும் பெயரை மாற்றவில்லை. காற்றுக்கு வக்கீல் இருந்திருந்தால் ‘தீய உள்நோக்கத்தோடு’ என்று ஆரம்பிக்கும் நோட்டீஸ் ஒன்று அகராதிக்காரர்களுக்குப் போயிருக்கும். அந்த வரி இல்லாத நோட்டீஸை நான் பார்த்ததே இல்லை, அச்சடித்தே வைத்திருப்பார்கள் போல.

சரி, உள்நோக்கத்துக்கு வருவோம். 1960-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வழக்குச் செலவுக்கு நிதி கேட்டு நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. அதில் சில பிழைகள். மாணவர்கள் பாடியது தேசிய கீதம், விளம்பரம் வேறொரு பாட்டைச் சொன்னது. கிங் கைதானது நாலு தடவை, விளம்பரத்தில் ஏழு. போலீசுக்குப் பொறுப்பாக இருந்த மான்ட்காமரி நகர ஆணையர் சல்லிவன், தன் பெயரே இல்லாத அந்த விளம்பரம் தன்னை அவமானப்படுத்திவிட்டது என்று வழக்குப் போட, அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. பாட்டு மாறினதுக்கு!

1964-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. பொய் என்று தெரிந்தே எழுதினாயா, உண்மையா பொய்யா என்று கவலையே படாமல் எழுதினாயா, அதிகாரியின் பொதுப்பணி பற்றிய விமர்சனத்தில் இதுதான் கேள்வி என்றது. இதற்கு ‘ஆக்சுவல் மாலிஸ்’ என்று பெயரும் வைத்தது. அதற்கும் வன்மத்துக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் மேல் எனக்கு ஏழு ஜென்மப் பகை இருக்கலாம், தெரிந்தே பொய் எழுதினேனா, கவலையே படாமல் எழுதினேனா என்று மட்டும் பாருங்கள். இந்தப் பெயர் ஆளைக் குழப்புகிறது என்று பின்னால் அதே நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

நம் ஊரிலும், தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவதில் நக்கீரன் பத்திரிகைக்கு வந்த தடங்கலில், 1994-இல் உச்ச நீதிமன்றம் சல்லிவன் வழக்கை எடுத்துக்காட்டி, அதிகாரிகள் முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. பொதுப்பணி பற்றிய விமர்சனத்துக்கு அதிகாரிகள் நஷ்டஈடு கேட்டாலும் சல்லிவன் வழக்கின் அதே கேள்விதான். கிரிமினல் அவதூறு மட்டும் அசையாமல் நிற்கிறது, அதை ஒழிக்கச் சொல்லி நான் புலம்புவது இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் பழகிப்போன விஷயம். அங்கே உண்மை என்று நிரூபித்தாலும் போதாது, பொதுநன்மைக்காக எழுதினேன் என்றும் காட்டியாக வேண்டும். 2016-இல் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றுவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-ஆவது பிரிவு, இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது சமூக சேவை.

அந்த சமூக சேவை எனக்குச் சம்மதம். புகார் கொடுத்த தலைவரின் வார்டில் தெருக்கூட்ட அனுப்பினால் ரொம்ப விசேஷம், அங்கே புது ரோடு போட்டதாகக் கணக்கு இருக்கிறதே, கூட்டும்போது அது தென்படுகிறதா என்று பார்த்துவிடுவேன்.