நெல்வயலும் டவுன் பஸ்ஸும்: காலநிலைக் கொள்கைக்குச் செட்டிநாட்டில் பாடம் உண்டா?

விவசாயத்திலும் போக்குவரத்திலும் கரியுமிழ்வைக் குறைக்க நினைக்கும் நாடு காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பார்த்து என்ன கற்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வயல். நெல்வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குக் காற்று போகாது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். இதற்கு மருந்து காய்ச்சலும் பாய்ச்சலும்: நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. யூரியாவை அள்ளிப் போட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்பம் பிடிக்கும் வாயு கூடிவிடும், அதுவும் கவனம்.

சரி, நம் ஊரில்? கண்மாயை நம்பிய பூமி இது. ஐப்பசி மழைக்கு முன்பே புழுதியில் விதைக்கும் வழக்கம் இங்கே பழசு. நாற்றங்கால் இல்லை, சேற்றுழவு இல்லை, வயல் நீரில் மூழ்கிக் கிடக்கும் நாளும் குறைவு. காவிரி டெல்டாவுக்கும் நமக்கும் ஒரே திட்டம் என்றால் எப்படி? மடை திறப்பது ஊர்ப் பொது முடிவு. தனி விவசாயிக்கு மானியம் கொடுத்து மட்டும் வயலைக் காயப்போட முடியாது. கண்மாய் தூர்வாருவதையும் காலநிலைச் செலவாக எழுத வேண்டும் என்பேன்.

போக்குவரத்தில் மின்வாகனப் பேச்சுதான் அதிகம்; நான் முதலில் பஸ்ஸைப் பார்க்கச் சொல்வேன். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பஸ்ஸே வராத கிராமத்தில் அந்தச் சலுகையால் என்ன பயன்? அப்புறம் எல்லாரும் பைக்தான் வாங்குவார்கள்.