மூட்டுக்குள் கேமரா: யாருக்குப் பயன், யாருக்கு வேண்டாம்?

கேள்வி: எனக்கு வயது 61. ஈராண்டாக வலது முழங்கால் வலிக்கிறது. மேம்பாலப் படிகளில் இறங்கும்போது இன்னும் மோசம். எம்ஆர்ஐ பார்த்த தனியார் மருத்துவர், ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ்) கிழிந்திருப்பதாகவும், இரண்டு துளையிட்டுச் சரிசெய்துவிட்டால் அன்றே வீடு திரும்பலாம் என்றும் சொல்கிறார். மெடிசேவ் என்ற சிங்கப்பூர் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தே கட்டலாமாம். செய்துகொள்ளட்டுமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: ஆர்த்ராஸ்கோப்பி எனப்படும் இச்சிகிச்சையில், ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயை ஒரு துளை வழியாகச் செலுத்தி, உப்பு நீரைப் பாய்ச்சி மூட்டை விரித்து, கேமரா காட்டுவதைத் திரையில் பார்த்தபடி, மற்றொரு துளையில் நுழைத்த சிறு கருவிகளால் மருத்துவர் வேலை செய்கிறார். மூட்டைத் திறந்து செய்வதைவிட இதில் வலியும் தழும்பும் குறைவு என்பது உண்மையே. ஆனால் துளை சிறியது என்பதோ, மெடிசேவில் பணம் இருக்கிறது என்பதோ அறுவை சிகிச்சைக்கான காரணம் ஆகாது.

உங்கள் வயதில் எம்ஆர்ஐயில் ஜவ்வுக் கிழிசல் தெரிவது, தலையில் நரை தெரிவதைப் போன்றது; வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும். 2002ல் அமெரிக்காவில் மூட்டுத் தேய்மானமுள்ள 180 பேரிடம் நடந்த ஆய்வில், சிலருக்கு ஆர்த்ராஸ்கோப்பி செய்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார்கள். ஈராண்டு கழித்தும் இரு தரப்பினரின் வலியில் வேறுபாடு காணப்படவில்லை. தேய்மானம் இன்றி, வயதின் காரணமாக ஜவ்வு மட்டும் கிழிந்திருந்த 146 பேரிடம் பின்லாந்தில் நடந்து 2013ல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே சொன்னது. 2017ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான நிபுணர் பரிந்துரை, தேய்மான முழங்காலுக்கு இச்சிகிச்சை வேண்டாம் என்றே உறுதியாகக் கூறியது.

நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுத்தீர்களா? உடல் எடை முழங்காலில் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு இடைப்பட்ட வெளி எவ்வளவு குறுகியிருக்கிறது என்பது சரியாகத் தெரியும். விலை கூடிய எம்ஆர்ஐயைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த எளிய படத்தை எடுக்காமலே வருவோர் பலர். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெற்றால், அரசாங்க மருத்துவமனை நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்த்து இரண்டாவது கருத்தைக் கேட்கலாம். அதற்கிடையே மூன்று மாதமாவது, தொடைத் தசையை வலுவாக்கும் பிசியோதெரப்பியை ஒழுங்காகச் செய்யுங்கள். எடை கூடுதலாக இருந்தால் குறைப்பதும் உதவும். முழங்கால் திடீரென்று மாட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் மட்டும் கதை வேறு. உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. காற்பந்து ஆடியபோது முழங்கால் முறுக்கிக்கொண்டு, 'டப்' என்று சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் வீங்கிவிட்டது. முழங்காலை நழுவாமல் பிடித்திருக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏசிஎல்) முழுவதுமாக அறுந்துவிட்டதாம். விரைவில் தேசிய சேவை (கட்டாய ராணுவப் பணி) வருகிறது. சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?
– தந்தை, ஜூரோங்

பதில்: மேலே உள்ள வாசகிக்குச் சொன்னதை உங்கள் மகனுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். முழுவதும் அறுந்த இந்தத் தசைநார் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை. ஓடித் திரும்பும் விளையாட்டை விடாத இளைஞருக்கு, முழங்கால் அடிக்கடி நழுவி, நல்ல நிலையில் இருக்கும் ஜவ்வையும் கிழித்துவிடும். பெரும்பாலும் தொடையின் பின்புறத் தசைநாணிலிருந்து ஓர் இழையை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துவார்கள். வீக்கம் வடிந்து, கால் முழுமையாக நீண்டு மடங்கிய பிறகு செய்வதே நல்லது என்பதால், சில வாரங்கள் காத்திருப்பதில் தவறில்லை. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் தவறு. மீண்டும் களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். பையன்கள் ஆறாம் மாதமே நன்றாகிவிட்டதாக நினைப்பார்கள். வீட்டில் நீங்கள்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும். மருத்துவ அறிக்கைகள் அனைத்தையும் தேசிய சேவைக்கான உடற்பரிசோதனையின்போது ஒப்படையுங்கள். தகுதி நிலையை அவர்கள் முடிவு செய்வார்கள்.

கேள்வி: கிழிந்த ஜவ்வை ஆர்த்ராஸ்கோப்பி மூலம் தைத்து நான்கு வாரமாகிறது. அடுத்த மாதம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: இவ்வாண்டு வேண்டாம். ஜவ்வின் ஓரத்தை வெட்டிச் சீராக்கியிருந்தால் மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம் என்றிருப்பேன். தைத்த ஜவ்வு ஒட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கும் மேல், வெறுங்காலுடன், வரிசையில் நின்று நின்று நடப்பதை அது தாங்காது. சப்பணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் மருத்துவர் அனுமதிக்கும்வரை தவிர்த்துவிடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சலுடன் முழங்கால் சிவந்து சூடானாலோ, அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.