வீட்டு கம்ப்யூட்டரில் இரண்டு ஹார்டு டிஸ்க்கை ஸ்ட்ரைப் செய்து ஒன்றாக்கலாமா? நான் இதற்குப் புதுசு, எப்படித் தொடங்குவது?

செய்யலாம், கால் மணி நேர வேலைதான். ஆனால் கேள்விக்குக் கீழே "ஒரு டெராபைட் டிஸ்க் இரண்டு சும்மா கிடக்கு, சேர்த்துட்டு வீட்டு போட்டோ எல்லாத்தையும் அதுல போட்டு வைக்கலாம்னு இருக்கேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். சேருங்கள், தப்பில்லை. போட்டோவை மட்டும் அதில் வைக்காதீர்கள்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் விசேஷ வீடியோ எடிட் செய்கிறவன். ஸ்ட்ரைப் என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பந்தியை வைத்தே சொல்லிவிடலாம். நூறு இலை போட்ட வரிசையில் ஒருவரே சோறு பரிமாறினால் ஒரு நேரம் ஆகும். இரண்டு பேர் வாளியோடு இறங்கி, ஒருவர் ஒற்றைப்படை இலைக்கும் மற்றவர் இரட்டைப்படை இலைக்கும் போட்டுக்கொண்டே போனால் பாதி நேரத்தில் முடிந்துவிடும். கம்ப்யூட்டரும் அதைத்தான் செய்கிறது, பெரிய ஃபைலை 64 கிலோபைட், 128 கிலோபைட் என்று துண்டு போட்டு முதல் துண்டை இந்த டிஸ்க்கிலும் அடுத்ததை அந்த டிஸ்க்கிலுமாக மாறி மாறி எழுதுகிறது. என் பழைய மெஷினில் தனி டிஸ்க் நொடிக்கு 150 மெகாபைட் சுமார் கொடுத்தது, சேர்த்த பிறகு 290ஐத் தொட்டது. ஆனால் யாரோ ஒருவர் மூலையிலிருந்து "ஒரு அப்பளம்" என்று கேட்டால் இரண்டு பேர் இருந்தும் பிரயோசனமில்லை, ஒருத்தர்தான் நடந்து போகணும். 7200 சுற்று டிஸ்க்கில் தகடு சுழன்று சரியான இடம் முள்ளுக்குக் கீழே வருவதற்கே சராசரியாக 4 மில்லி நொடி ஆகிறது, முள் நகரும் நேரம் தனி. அதனால் விண்டோஸ் சீக்கிரம் திறக்கும், பிரௌசர் பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரிய ஃபைலை வரிசையாகப் படிக்கிற, எழுதுகிற வேலைக்குத்தான் இது.

இப்போது அந்த இருவரில் ஒருவர் வாளியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். பாதிப் பந்தி சாப்பிடும், பாதி காத்திருக்கும் என்று இல்லை, ஒன்று விட்டு ஒன்று எல்லா வரிசையிலும் காலி இலை. ஒரு டிஸ்க் போனால் உங்கள் வீடியோவில் பாதி மிஞ்சாது, ஒவ்வொரு வீடியோவும் ஓட்டை. ஒரு டிஸ்க் வருஷத்துக்குள் சாக நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், இரண்டில் ஏதோ ஒன்று சாக 9.75. இப்படி ஸ்ட்ரைப் செய்வதை ரெய்டு ஜீரோ என்று சொல்வார்கள், பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக்குகிற முறைகளுக்குப் பொதுப் பெயர்தான் ரெய்டு. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரையில் ரெய்டு ஒன்று முதல் ரெய்டு ஐந்து வரைதான் இருந்தது, இந்த ஜீரோ பின்னால் ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு பூஜ்யம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தும் நான் படிக்கவில்லை.

இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. ஒரு ஐப்பசி மழையில் ராத்திரி நாலைந்து தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது, காலையில் ஒரு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று பல்லி மாதிரி சத்தம். கஸ்டமர் வேலை எல்லாம் தனி டிஸ்க்கில் காப்பி இருந்ததால் தப்பித்தேன், சொந்த அக்கா மகள் காதுகுத்து வீடியோ மட்டும் அதில்தான் இருந்தது, மெமரி கார்டையும் அழித்தாகிவிட்டது. மீட்டுத் தருகிற இடத்தில் விலை கேட்டு போனை வைத்துவிட்டேன். அக்கா இன்னும் ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லிக் காட்டுவாள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் இரண்டு டிஸ்க்கிலும் இருப்பதை வேறு எங்காவது காப்பி எடுங்கள், சேர்க்கும்போது எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் பாருங்கள், ஒன்று மஞ்சளோ சிவப்போ காட்டினால் அதோடு இந்த ஆசையை விட்டுவிடலாம். விண்டோஸ் ப்ரோ என்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, பழைய பார்ட்டிஷன்களை டெலீட் செய்துவிட்டு, காலி இடத்தில் ரைட் கிளிக், நியூ ஸ்ட்ரைப்டு வால்யூம். இரண்டாவது டிஸ்க்கை ஆட் செய்து டிரைவ் எழுத்து கொடுத்து குயிக் ஃபார்மேட். டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று கேட்கும், சரி சொல்லுங்கள். ஹோம் எடிஷனில் இது வராது, கன்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் போய் இரண்டையும் ஒரே ஸ்டோரேஜ் பூலில் (கூட்டுத் தொகுப்பில்) சேர்த்து சிம்பிள் என்பதைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும். மதர்போர்டு பயாஸில் (விண்டோஸ் திறப்பதற்கு முன்னால் வருகிற செட்டிங்கில்) ரெய்டு என்று ஒன்று இருக்கும், புதியவர் அதைத் தொட வேண்டாம், ஏற்கெனவே விண்டோஸ் இருக்கிற மெஷினில் சாட்டா மோடை (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற முறையை) மாற்றினால் நீலத் திரையில் போய் நிற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

விண்டோஸ் வேறு டிஸ்க்கிலேயே இருக்கட்டும், இந்த ஸ்ட்ரைப்பிலிருந்து பூட் ஆகாது. யூஎஸ்பி டிஸ்க்கையும் இதில் இழுக்காதீர்கள். அளவு வேறு வேறாக இருந்தால் சின்னதன் கணக்குதான், ஒரு டெராபைட்டும் 500 ஜிபியும் சேர்த்தால் ஒரு டெராபைட்தான் கிடைக்கும், ஒன்றரை இல்லை.

நம் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். ஆனால் நாள்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது, எழுதிக்கொண்டிருக்கும்போது போய்ப் போய் வருவதுதான் தொல்லை. கடல் காற்றுக்கு சாட்டா கேபிள் முனையும் பச்சை பூக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெஷினை ஆஃப் செய்து கழற்றிப் பாருங்கள்.

புதிதாக டிஸ்க் வாங்கித்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாத டிஸ்க்) ஒன்றே நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் கொடுக்கும், அப்பளம் கேட்டாலும் உடனே ஓடிவரும். நீங்கள் சொன்ன மாதிரி சும்மா கிடப்பவை என்றால், எடிட்டிங் தற்காலிக ஃபைல், மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளக்கூடிய கேம், இதற்கெல்லாம் போட்டு ஓட்டுங்கள். போட்டோவுக்கு ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் இன்னொரு இடத்தில் ஒரு காப்பியும்.

கடைசியாக, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சேர்த்ததைப் பின்னால் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாட்டுங்கள். ஃபாரின் என்று காட்டும், பயப்படாமல் ரைட் கிளிக் செய்து இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ் கொடுங்கள். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டு ஒரு பெட்டி வந்தால் கேன்சல்.