காலாவதியாகிப் பல வருடமான டெவலப்பரில் பிலிம் கழுவலாமா?

வீட்டு இருட்டறைக்கென்று ஒருவர் கொடுத்த டெவலப்பர் (பிலிமில் பதிந்த படத்தை வெளியே கொண்டுவரும் மருந்து), தேதி முடிந்து இருபது வருடம் ஆகிவிட்டது, வீசவும் மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஆனால் திரும்ப எடுக்க முடியாத படம் உள்ள ரோலை மட்டும் அதில் போடாதீர்கள். அப்படி ஒரு ரோலை நான் இழந்திருக்கிறேன்.

எங்கள் பெரிய மாமா இலங்கை மலையகத்து ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்தார். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன தோட்டத்துச் சனங்களுக்குப் பாஸ்போர்ட் படம் எடுப்பதுதான், 1984இல் தலைமன்னார் கப்பல் நிற்கும் வரை அவருக்குப் பெரிய வேலை. அவர் காலமான பிறகு அலமாரியை ஒதுக்கும்போது கழுவாத ரோல் ஒன்றும் டி-76 என்ற டெவலப்பர் பவுடர் பாக்கெட் ஒன்றும் கிடைத்தன. பாக்கெட்டின் ஓரம் விட்டிருந்தது. மலையகத்து ஈரம் உள்ளே போய்ப் பவுடர் கட்டிதட்டிப் பழுப்பாகியிருந்தது. கரைத்தால் பிளேன்டீ நிறம். மாமாவின் ரோலை மாமாவின் மருந்திலேயே கழுவ வேண்டும் என்ற ஆசையில் அதையே ஊற்றினேன். பிலிம் கண்ணாடி மாதிரி வெறுமையாக வந்தது. ஓரத்தில் கம்பெனி பதித்து அனுப்பும் எண்கள்கூட இல்லை. எண்கள் நன்றாகத் தெரிந்து படம் மட்டும் இல்லாவிட்டால், பிலிமில் ஒளி சரியாகப் படவில்லை என்று அர்த்தம். எண்களும் இல்லை என்றால் மருந்துதான் செத்திருக்கிறது. அந்த ரோலில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றும் யோசிப்பேன்.

டி-76இல் வேலை செய்வது மெட்டோலும் ஹைட்ரோகுவினோனும். அவற்றைக் காற்றிலிருந்து காப்பாற்றத்தான் லீட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் சேர்க்கிறார்கள். பாக்கெட் இறுக்கமாக மூடியிருந்து பவுடரும் வெள்ளையாக இருந்தால், தேதியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் எல்லா மருந்துக்கும் நிறத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. 1891இல் வந்த ரோடினால் என்ற டெவலப்பர் கடும் சாயத் தேத்தண்ணி மாதிரி கறுத்த பிறகும் நன்றாக வேலை செய்யும். எக்ஸ்டால் என்ற டெவலப்பர் நேர்மாறு: வெறும் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும், ஆனால் செத்திருக்கக்கூடும்.

சோதிக்க, 35 மி.மீ. ரோலின் நுனியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டை வெட்டி, வெளிச்சத்திலேயே மருந்தில் போடுங்கள். வழக்கமாகக் கழுவும் நேரத்துக்குள் அது கன்னங்கரேலென்று ஆக வேண்டும். பல்பு முன் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டால் அந்த மருந்து வேண்டாம். கறுத்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள், ஏனென்றால் வெயில் பட்ட துண்டைப் பலவீனமான மருந்துகூடக் கறுக்க வைக்கும். வாசலில் நாலு படம் எடுத்து முதலில் அதைக் கழுவிப் பாருங்கள்.

நம் பக்கத்துக்கு இன்னொரு விஷயமும் உண்டு. நுவரெலியாவில் விடியற்காலைக் குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டு, மருந்து சரியில்லை என்று வீசிவிடாதீர்கள். குளிரில் ஹைட்ரோகுவினோன் மந்தமாகிவிடும். போத்தலைச் சுடுதண்ணீர்ப் பேசினில் வைத்து 20 பாகை வந்ததும் சோதியுங்கள்.

பேப்பருக்கென்றால் இவ்வளவு கவலை வேண்டாம். சிவப்பு விளக்கில் படம் எழும்புவது கண்ணுக்குத் தெரியும், கெட்டாலும் நெகட்டிவ் பத்திரமாக இருக்கும். பிலிமில் அப்படியில்லை. படத்தை நிலைப்படுத்தும் ஹைப்போவை ஊற்றிவிட்டால் டெவலப்பரில் கறுக்காத வெள்ளி உப்பெல்லாம் கரைந்து போய்விடும், அப்புறம் எந்தப் புது மருந்தாலும் படத்தை மீட்க முடியாது.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெட்டோல் சிலருக்குத் தோலில் ஒவ்வாது. செத்த மருந்தையும் பழைய ஹைப்போவையும் ஓடையிலோ பீலிப் பக்கமோ கொட்டாமல் மூடிய கேனில் எடுத்து வையுங்கள். கீழ் லயத்து ஆட்கள் குடிக்கப் பிடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.